வெற்றிலை வாங்காத ஒருத்தி

பலாமரத்து முக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, வேலம்மாள் வீடு எது என்று கேட்டால் எதிரில் வருகிறவர் கொஞ்சம் யோசிப்பார். எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீடுகளில் வேலம்மாள்களுக்குப் பஞ்சமில்லை. 'ஆட்சேபணைக்கா வீடு' என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு வராத குழந்தைகூடக் கையை நீட்டிக் காட்டும். ஊரே கூடி வைத்த பெயர் அது. ஐம்பது வயது வரைக்கும் ஒருவரிடமும் 'மாட்டேன்' என்று சொல்லி அறியாத மனுஷிக்கு இப்படி ஒரு பெயர் வந்து ஒட்டிக்கொண்டதுதான் வேடிக்கை.

மாட்டேன் என்று சொல்லத் தெரியாது என்பதை மிகையென்று நினைக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, பள்ளிக்கூடம் போதும் என்றார்கள். "சரிங்க" என்றாள். அட்டை கடிக்கிற மழையில் களை எடுக்கச் சொன்னார் எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதுகிற ரைட்டர். "சரிங்க." பெண் பார்க்க வந்த அன்று அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அதில் மாப்பிள்ளை யார் என்று காட்டுவதற்கு முன்பே தலையை ஆட்டிவிட்டாள். நல்ல வேளையாக மாப்பிள்ளை காளியப்பனாக இருந்தான். அவனுடைய தம்பிக்காரன் பிற்பாடு குடித்தே கெட்டுப்போனான்.

வேலையில் மட்டும் அவளுக்கு அரைகுறை ஆகாது. காப்பிப் பழம் எடுக்கும்போது மற்றவர்கள் கிளையைப் பிடித்து ஒரே உருவாக உருவி, செங்காய் பச்சைக்காய் எல்லாவற்றையும் கூடைக்குள் தள்ளுவார்கள். வேலம்மாள் ஒவ்வொரு பழமாகத் தொட்டுத்தான் எடுப்பாள். அவள் கூடையை ரைட்டர் கொட்டிப் பார்த்ததே கிடையாது. வீட்டில் சோறு வடிக்கிற பானையின் கரி கூட ஒரே அளவாகத்தான் இருக்கும் என்று பக்கத்து வீட்டு மாதம்மாள் கேலி பேசுவாள்.

அவளுடைய பெருமையெல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருந்தது. தம்பி பாலசுப்பிரமணியம். அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். சேலத்தில் பாலிடெக்னிக் படித்து, ரோடு ஆபீசில் இன்ஜினியராகச் சேர்ந்தான். ஊருக்கெல்லாம் அவன் பாலு. நேரில் அவளுக்குக் கண்ணு, சாமி. ஆனால் அடுத்தவரிடம் சொல்லும்போது மட்டும் ஓர் எழுத்துக் குறையாமல் 'எங்க பாலசுப்பிரமணியம்' என்பாள். பஸ் குழியில் விழுந்து ஏறினால், பக்கத்து சீட்டில் இருக்கிற முன்பின் தெரியாத ஆளிடம், "இது எங்க பாலசுப்பிரமணியம் போட்ட ரோடு இல்லீங்க, அவன் ரோடு வேற பக்கம் இருக்குது" என்று கேட்காமலே விளக்கம் சொல்லுவாள்.

அந்தத் தம்பி தன் சொந்த ஊர் முக்குக்கே வேலையாக வரப்போகிறான் என்று தெரிந்த அன்று சந்தோஷத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த இடத்தில் முக்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏற்காட்டிலிருந்து நாகலூர் பக்கம் போகிற ரோட்டில், எஸ்டேட் ரோடு வந்து சேருகிற இடம் அது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் முழங்கையை மடக்கினாற்போல ஒரு வளைவு, வளைவின் தலையில் பலாமரம். அங்கே எந்த டிரைவராலும் பஸ்ஸை ஒரே மூச்சில் திருப்ப முடியாது. நிறுத்தி, கண்டக்டர் இறங்கி விசில் ஊத, பின்னால் வந்து, மறுபடி ஒடித்துத்தான் போக வேண்டும். பஸ் அப்படி முன்னும் பின்னும் ஆடுகிற நேரத்தில்தான் ஊர் சனம் முழுவதும் ஏறி இறங்கும். கூடை, மூட்டை, கோழி, கைக்குழந்தை எல்லாம் ஏறிவிடும். உண்மையில் அங்கே பஸ் ஸ்டாப் என்று ஒன்று கிடையாது. ஸ்டாப் இருப்பது வளைவைத் தாண்டி, மேலே எஸ்டேட் கேட்டில். அங்கே ஏறுகிறவர்கள் யாருமில்லை. பொழுது சாய்ந்தால் காட்டெருமைகள் மட்டும் வந்து நிற்கும்.

வளைவை அகலப்படுத்தி, பஸ் நிற்காமல் திரும்புகிற மாதிரிச் செய்யப் போகிறார்கள். அதற்கு முன்னால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். பலாமரத்தில் ஆணி அடித்து நோட்டீஸ் மாட்டியிருந்தது. வேலம்மாள் முந்தானையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். 'பொதுமக்கள் தங்கள் ஆட்சேபணைகளைத் தெரிவிக்கலாம்' என்ற இடத்தில் அவளுக்குச் சுருக்கென்றது. அது என்ன, கூப்பிட்டு வைத்து ஆட்சேபணை கேட்பது? நிச்சய வீட்டில்கூடச் சபையைப் பார்த்து 'யாருக்காச்சும் ஆட்சேபணை உண்டுங்களா' என்று கேட்பார்கள்தான். அதற்காக யாராவது எழுந்து உண்டு என்றால் அந்தக் குடும்பத்தின் மானம் என்னாவது?

சாயங்காலம் தம்பி போன் செய்தான்.

"அக்கா, நான் மொதமொதலா நடத்தற கூட்டம். சேலத்துலிருந்து எங்க பெரிய ஆபீசர் மேடமே வராங்க. சனம் வராம நாற்காலி காலியாக் கெடந்தா என் பேரு கெட்டுப்போயிரும். நீ நாலு பேருகிட்டச் சொல்லி வை."

"நாலு பேரா? ஊரே வரும் சாமி. நீ நிம்மதியாத் தூங்கு."

அவன் கேட்டது ஆள் வருவதற்கு. யாரும் எதிர்த்துப் பேசிவிடக் கூடாது என்பது அவள் தானாகச் சேர்த்துக்கொண்டது. இரண்டுக்கும் சேர்த்து அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். வெற்றிலை பாக்கு.

லைன் வீடுகளில் கல்யாணமோ, காதுகுத்தோ, மாரியம்மன் பொங்கலோ, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் அழைப்பு. அதைக் கை நீட்டி வாங்கியாயிற்று என்றால் வருவேன் என்று மட்டும் அர்த்தமில்லை. கூட நிற்பேன், குறை சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த மாதிரி. கோபதாபம் இருந்தால் வாங்குவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். வாங்கிய பிறகு பந்தியில் உப்பில்லாவிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது.

ஏற்காடு சந்தைக்குப் போய் வெற்றிலையைக் கட்டுக் கட்டாக, கவுளிக் கணக்கில் வாங்கி வந்தாள். நுனி கிழிந்ததையும் பழுத்ததையும் ஒதுக்கி, ஒவ்வொரு வெற்றிலையாக ஈரம் போகத் துடைத்து, பெரியதோடு பெரியது, சின்னதோடு சின்னது என்று ஜோடி சேர்த்துத் தட்டில் அடுக்கினாள்.

"ஏம்புள்ள, நம்ம ஊட்டுல யாருக்குக் கல்யாணம்?" என்றான் காளியப்பன்.

"எங்க பாலசுப்பிரமணியத்துக்குக் கூட்டம்."

அவன் ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நகர்ந்தான். அவனும் வாக்குக் கொடுத்தாயிற்று.

முதல் வீடு ஐயாக்கண்ணு வீடு. சீசனில் மிளகும் பேரிக்காயும் வாங்கி விற்கிறவர். வாய் சும்மா இருக்காது.

"என்ன வேலம்மா, நம்ம முக்குக்கு நிச்சயமாமே? பொண்ணு லட்சணமாத்தான் இருக்கறா, இடுப்புதான் கொஞ்சம் ஒடிஞ்சு கெடக்குது. மாப்பிள்ளை யாரு, ஜேசிபியா?"

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க மாமா. எங்க பாலசுப்பிரமணியம் நடத்தறான். வந்து உக்காந்து சரின்னு சொல்லிட்டுப் போங்க."

"கருத்துக் கேக்கறாங்கன்னு போட்டிருக்குது?"

"கேப்பாங்க. அதுக்காகச் சொல்லீரறதா?"

ஐயாக்கண்ணு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கி, அங்கேயே சுண்ணாம்பு தடவி மென்றார். "இந்தா, முழுங்கிட்டேன். இனி என் வாயி உன் வாயி."

மாதம்மாள் அவ்வளவு சுலபத்தில் கை நீட்டவில்லை.

"ஏனக்கா, வளைவு அகலமாயிட்டா பஸ்சு பின்னால வராதாமே?"

"வராது கண்ணு."

"பின்னால வராட்டி நிக்காது."

"நிக்காது."

"அப்ப நாம எங்க ஏறது? மேல கேட்டுக்கா? கூடையத் தூக்கிட்டு அந்த ஏத்தத்துல? பொழுது போனா எருமை நிக்குதே அங்க!"

வேலம்மாளுக்கு மட்டும் தெரியாதா? ஏற்றம் என்றாலே அவள் முழங்கால் முன்கூட்டியே வலிக்கத் தொடங்கிவிடும். ஆனாலும் நீட்டிய தட்டை அவள் பின்னுக்கு இழுக்கவில்லை.

"எல்லாம் நெசந்தான். ஆனா நம்ம பையன் நடத்தற கூட்டம் கண்ணு. மேடத்துக்கு முன்னால அவன் தலை குனியக் கூடாது."

மாதம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு வெடுக்கென்று எடுத்தாள்.

"உனக்காகத்தான் வாங்கறேன். அந்த எருமைங்களுக்கும் ஒரு வெத்தலை வெச்சு, நீயே சொல்லிப்போடு."

கூட்டத்தன்று சமுதாயக் கூடம் நிறைந்து வழிந்தது. பொட்டு வைத்து, பூ வைத்து, விசேஷ வீட்டுக்கு வருகிற மாதிரி வந்திருந்தார்கள். மேடம் உள்ளே வந்தவுடன் அத்தனை பேரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த வேலம்மாளுக்கு மனசு குளிர்ந்தது.

தம்பி சுவரில் பெரிய படத்தை மாட்டி, குச்சியால் தொட்டுத் தொட்டு விளக்கினான். எங்கே பாறையை உடைப்பது, எங்கே தடுப்புச் சுவர், எங்கே வடிகால். சொல்லி முடித்ததும் மேடம் எழுந்தார். அதிர்ந்து பேசாத, நல்ல மாதிரியான அம்மாள்.

"திட்டத்தைக் கேட்டீங்க. இப்போ உங்க கருத்தைச் சொல்லுங்க. குறை இருந்தாலும் சொல்லலாம். அதுக்காகத்தான் வந்திருக்கோம்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் சிரித்த முகமாக மேடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தயங்காம சொல்லுங்க. பெரியவரே, நீங்க?"

ஐயாக்கண்ணு எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "நொம்ப நல்லதுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

"நீங்கம்மா? பஸ் வசதி பத்தி ஏதாவது?"

மாதம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. "ஒன்னும் இல்லீங்க" என்றாள். அந்த இரண்டு சொல்லை வெளியே கொண்டுவர அவள் பட்ட பாடு பிரசவ வேதனைக்குக் குறைந்ததில்லை.

மேடம் ஒவ்வொரு வரிசையாகக் கேட்டார். சரிங்க, நல்லதுங்க, உங்க இஷ்டமுங்க. பந்திக்கு நடுவில் நின்று சாம்பார் வேண்டுமா ரசம் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. மேடத்தின் முகம் மெல்ல மாறியது. தம்பியின் பக்கம் திரும்பினார்.

"என்ன பாலசுப்பிரமணியம் இது? இத்தனை பேர் வந்து ஒருத்தருக்குக்கூட ஒரு கருத்து இல்லையா? நான் பார்த்த ஊர்ல எல்லாம் மைக்கைப் பிடுங்கிப் பேசுவாங்க. இதை மேலே சொன்னா யார் நம்புவாங்க? ஆளைக் கூட்டிட்டு வந்து, வாயைக் கட்டி உட்கார வெச்சிருக்கீங்கன்னுதான் சொல்லுவாங்க. இதைக் கூட்டம் நடந்ததா நான் கணக்கில் எடுத்துக்க முடியாது. வேற ஒருத்தரை வெச்சு மறுபடி நடத்த வேண்டியதுதான்."

தம்பியின் காது மடல் சிவந்தது. சின்ன வயதிலேயே அவனுக்கு அழுகை வருவதற்கு முன்னால் காதுதான் சிவக்கும். கடைசி வரிசையிலிருந்தும் வேலம்மாளுக்கு அது தெரிந்தது. எந்தத் தலை குனியக் கூடாது என்று அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாளோ, அந்தத் தலை இப்போது குனிந்திருந்தது.

ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டு அவன் கூட்டத்துக்குள் இறங்கி, நேராக அக்காவிடம் வந்தான்.

"அக்கா, என்ன செஞ்சு வெச்சிருக்கே?"

"வெத்தலை வெச்சேன் கண்ணு. ஒரு ஊடு விடல."

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். அந்த மலையில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"ஐயோ, ஆட்சேபணை வந்தாத்தான் அது கூட்டம். ஐயாக்கண்ணு மாமா, நீங்களாச்சும் ஒன்னு சொல்லுங்களேன். பொய்யாவாச்சும்."

"உங்கக்கா வெத்தலையத் தின்னுட்டேன் மாப்பிள்ளை. திருப்பித் தர முடியாது. முந்தாநாளே போயிருச்சு."

"மாதம்மாக்கா?"

"எனக்கு எருமைன்னா நொம்பப் பிரியம் பாலு," என்றாள் மாதம்மாள். கண் மட்டும் வேலம்மாளை எரித்தது.

ஐயாக்கண்ணுதான் மெதுவாக இழுத்தார். "ஊருக்குள்ள வெத்தலை வாங்காத ஆளு ஒன்னே ஒன்னு இருக்குதே."

"யாரு?"

"குடுத்தவ. வாங்கினவங்களுக்குத்தானே கட்டு? குடுத்த கைக்கு ஏது?"

அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பின. வேலம்மாள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

"நானா? எங்க பாலசுப்பிரமணியத்தையா?"

"அக்கா, எனக்காகச் சொல்லுக்கா," என்றான் தம்பி.

அவளுக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாதே. "சரி சாமி" என்று எழுந்தாள்.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எனக்கு ஆட்சேபணை ஒன்னும் இல்லீங்க" என்றுதான் ஆரம்பித்தாள். மேடம் எடுத்த பேனாவை மறுபடி கீழே வைத்தார். தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"எங்க பாலசுப்பிரமணியம் போட்ட படம் நொம்ப நல்லா இருக்குதுங்க. கோடெல்லாம் ஊசியாட்ட இருக்குது. ஆனா..." மாதம்மாளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "ஆனா அந்தப் படத்துல பஸ்சு நிக்கறதில்லீங்க."

கூடம் முழுக்க "ம்ம்" என்று ஒரு சத்தம் எழும்பியது. வாயைத் திறக்கக் கூடாதுதான். வாயை மூடிக்கொண்டு ம் கொட்டுவதற்கு வெற்றிலையில் தடை ஏதுமில்லை என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

தம்பி வேலை ஞாபகத்தில் பதில் சொன்னான். "அங்க ஸ்டாப்பே கெடையாதுக்கா. ஸ்டாப்பு எஸ்டேட் கேட்டுலதான்."

"இல்லாத ஸ்டாப்புலதான் கண்ணு நீ பாலிடெக்னிக்குக்கு ஏறிப் போனே."

"ம்ம்ம்!"

"மாசமா இருக்கற புள்ளைங்க அந்த ஏத்தத்துல ஏறோணும். இருட்டுனா எருமை மறிக்குது. போன வருசம் மாதம்மா கூடையப் போட்டுட்டு ஓடி முட்டியப் பேத்துக்கிட்டா. தழும்பு இருக்குதுங்க, காட்டச் சொல்லட்டுங்களா?"

"ம்ம்ம்ம்!" என்றாள் மாதம்மாள், மற்றவர்களை விடச் சத்தமாக.

அதோடு உட்கார்ந்திருந்தால் ஊர் அவளுக்குப் பெயர் வைத்திருக்காது. பாறையை உடைத்த ஊற்று மாதிரி, ஐம்பது வருஷத்து 'சரிங்க'வுக்கு அடியில் கிடந்ததெல்லாம் வரத் தொடங்கியது. வடிகால் லைன் வீட்டுப் பக்கம் விழுகிறது, ஆட்சேபணை. பலாமரத்தின் வேரைத் தொடக் கூடாது, ஆட்சேபணை. நோட்டீசை ஆணி அடித்து மரத்தில் மாட்டியது ஆட்சேபணை. கொடுத்த டீயில் சர்க்கரை இல்லை. கூடத்து ஃபேன் சுற்றாமல் சத்தம் மட்டும் போடுகிறது. தம்பி முன்னால் வந்து, "போதும்க்கா" என்று கெஞ்சினான்.

"நீ இரு கண்ணு. கேட்டாங்கல்ல?"

மேடம் எழுதிக்கொண்டே இருந்தார். முகத்தில் இப்போதுதான் சிரிப்பு வந்திருந்தது. கூட்டம் முடிந்து காரில் ஏறும்போது தம்பியின் தோளைத் தட்டி, "இதுதான் கருத்துக் கேட்பு. கொஞ்ச நேரம் உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி அன்றைக்கு அக்கா வீட்டில் சாப்பிடவில்லை. மறுவாரம், மற்ற இடங்களிலும் பலாமரத்து முக்கில் நடத்தியது மாதிரிக் கூட்டம் நடத்த வேண்டும் என்று ஆபீசில் சொன்னார்களாம். அதற்கப்புறம் வந்து இரண்டு வேளைக்குமாகச் சேர்த்துச் சாப்பிட்டான்.

வளைவு அகலமாயிற்று. பலாமரம் இருந்த இடத்திலேயே நின்றது. அதன் கீழே 'பேருந்து நிறுத்தம்' என்று எழுதிய பலகையும், உட்காரச் சிமெண்டுத் திண்டும் வந்தன. இல்லாத ஸ்டாப் இருக்கிற ஸ்டாப் ஆகிவிட்டது. பஸ்ஸில் யாராவது அதைப் பற்றிப் பேசினால் வேலம்மாள் உடனே சொல்லிவிடுவாள், "எங்க பாலசுப்பிரமணியம் வெச்ச ஸ்டாப்புங்க." தான் பேசியதை மறந்தும் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் ஊர் இருக்கிறதே. அப்பா அம்மா வைத்த பெயர் போய், ஆட்சேபணைக்கா வந்து உட்கார்ந்துகொண்டது. ரேஷன் கடையில் அரிசி அளக்கிறவன் அவள் முறை வரும்போது தராசை ஒருமுறை துடைக்கிறான் என்று கேள்வி.

மழைக்காலம் ஒன்று கழிந்ததும், முக்கில் இரண்டாம் கட்ட வேலை என்று சேதி வந்தது. இந்த முறை எஸ்டேட் ரோட்டுப் பக்கமும் அகலப்படுத்த வேண்டும். நடுவில் நிற்பது பலாமரம். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மலையேறி வந்தான். சட்டையெல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தது. கையில் ஒரு தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம்.

"கூட்டம் வருதுக்கா. மொத அழைப்பு உனக்குத்தான். வாங்கிக்க."

வாசலில் உட்கார்ந்து மிளகு புடைத்துக்கொண்டிருந்த வேலம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். தட்டை எட்டிப் பார்த்தாள்.

"ஏஞ் சாமி, வெத்தலைய யாரு அடுக்குனா? பெருசும் சின்னதுமாக் கெடக்குது. இது நுனி கிழிஞ்சிருக்குது பாரு."

"அதெல்லாம் பரவாயில்லக்கா. வாங்கிக்க."

"வாங்காம எங்க போறேன்? அப்படித் திண்டு மேல வெச்சுட்டுக் கையக் கழுவிட்டு வா. சோறு ஆறுது."

"கையில வாங்குக்கா."

பக்கத்து வாசலில் மாதம்மாள் முருங்கைக்கீரை ஆய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டில் ஐயாக்கண்ணு வாயிலிருந்த வெற்றிலையை மெல்லாமல் வைத்துக்கொண்டு நின்றார்.

"கை ஈரமா இருக்குது கண்ணு," என்றாள் வேலம்மாள்.

காலையிலிருந்து மிளகு புடைத்த கை அது. ஈரம் ஒரு சொட்டு இல்லை.